மூன்று நாள் லீவுக்கு எந்தக் கடற்கரை?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "பொங்கல் லீவில் மூன்று நாள் எங்காவது கடற்கரை ஊருக்குப் போகலாம் என்கிறார் இவர். மாமியாருக்கு முழங்கால் வலி. இவருக்குச் சர்க்கரை. பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, கடல் என்றால் பைத்தியம். சின்னவளுக்கு ஐந்து. போன வருஷம் போன இடத்திலும் ஸ்டவ், குக்கர் எல்லாம் தூக்கிப் போய் மூன்று வேளையும் நான்தான் சமைத்தேன். திரும்பி வந்து இரண்டு மூட்டைத் துணி துவைத்தேன். எனக்கும் லீவு என்று ஒன்று உண்டா அக்கா? எந்த ஊர் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்."

சொல்லிவிடலாம். ஆனால் இவர் ஒருவருக்கு மட்டும் ஊர் பெயரை எழுதிப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குப் பிரயோஜனப்படாது. எந்தக் கணக்கில் அந்த ஊர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்வது, போட்டோவைப் பார்த்து மட்டும் பெண்ணை நிச்சயம் செய்கிற மாதிரி. நீலக் கடலும் சாய்ந்த தென்னையும் எல்லா ஊர்ப் படத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கழிப்பறை எங்கே, படி எத்தனை, குழாயில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதெல்லாம் படத்தில் விழாது.

முதலில் மாதம். நம் கிழக்குக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். புயல் வந்தாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் அநேகமாக வரும். கேரளத்துக் கரைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த மாதங்களில் கோவளம், வர்க்கலா பக்கம் கடல் சீறிக்கொண்டே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரையும் அதே கதைதான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பொங்கல் லீவைத் தேர்ந்தெடுத்திருக்கிற அந்தச் சகோதரியின் கணவருக்கு ஒரு சபாஷ். சித்திரை, வைகாசியில்தான் பெரிய லீவு, என்ன செய்ய என்பவர்கள் வெயிலுக்குத் தயாராகப் போங்கள். திருச்சி, மதுரையைவிடக் கரையோரம் சூடு குறைவுதான். ஆனால் காற்றில் ஈரம் ஜாஸ்தி. வியர்வை காயாது, உடம்பு ஓய்ந்துபோகும். இன்னொரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடற்கரைக்குப் போய் வஞ்சிரம் சாப்பிடலாம் என்று ஆசையாகப் போனால், ஐஸில் கிடந்த மீனைப் புது மீன் விலை கொடுத்துச் சாப்பிட வேண்டிவரும்.

மாதத்துக்கு அடுத்தது பஞ்சாங்கம். சிரிக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் பாதி, கோவில் ஊர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசையில் ராமேஸ்வரத்தில் நிற்க இடம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரி முழுக்க ஐயப்ப பக்தர்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ஐப்பசியில் கந்த சஷ்டி என்றால் திருச்செந்தூரில் அறை கிடைப்பது முருகன் செயல். காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரைக்கும் போகாமல் இருப்பதே மேல். பக்திக்காகப் போகிறவர்கள் தாராளமாக அந்த நாட்களில் போகட்டும். ஓய்வுக்காகப் போகிறவர்கள் அந்தத் தேதிகளைத் தள்ளிவையுங்கள்.

காலண்டரில் நாமே ஒரு வட்டம் போட்டு வைத்திருப்போமே, அதையும் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். வீட்டில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். நாமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பிறகு கடலில் கால் நனைக்காமல், கோவிலுக்குள்ளும் போகாமல், செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்போம். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறதே என்று மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வைத்தியரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன்பே, "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி ஊர்கள்.

மாமல்லபுரம் சென்னைக்காரர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்பும் ஊர். சிற்பம் பார்க்க நிறைய நடக்க வேண்டும், பாறையில் ஏற வேண்டும். மாமியாரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் போய்வர மனசு வராது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலை அழகு. சாயங்காலம் ஆனால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், குழந்தையைப் பயமில்லாமல் ஓட விடலாம், சமதரையில் பெரியவர்களும் நடக்கலாம். ஆனால் அந்தச் சாலையை ஒட்டிப் பெரும்பகுதி கருங்கல் குவியல்தான். மணலில் விளையாட வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும். லீவு நாட்களில் அறை வாடகையும் எட்டாத உயரம். வர்க்கலா அருமையான இடம், ரயிலடியும் பக்கம். ஆனால் செங்குத்தான மேட்டின் மேல் ஊர், அடியில் கடல். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் தண்டனை.

கன்னியாகுமரியைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நின்று உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம். சித்ரா பௌர்ணமியன்று சூரியன் இறங்க, சந்திரன் ஏறும். 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறையிலிருந்து 2000-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்குப் போக, 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலமும் போட்டுவிட்டார்கள். பார்க்க வேண்டிய ஊர், சந்தேகமில்லை. ஆனால் ஓய்வெடுக்கிற ஊர் இல்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுப்பிவிடுவார்கள், படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும், கடல் முழுக்கப் பாறை. அந்த மாவட்டத்தில் அமைதி வேண்டும் என்பவர்கள் முட்டம் பக்கம் போகலாம். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த ஊர்தான். சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க அதைப்போல் ஓரிடம் இல்லை.

ராமேஸ்வரத்துக்குத் திருச்சியிலிருந்து நேராக ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு, கடல் மேல் ரயிலில் போகிற அந்த அனுபவம் பிள்ளைகளுக்கு மறுபடியும் கிடைத்திருக்கிறது. ஊர் சமதரை. அக்னி தீர்த்தத்தில் அநேக நாட்களில் அலையே இருக்காது, குளம் மாதிரி கிடக்கும். தனுஷ்கோடிக்கும் போகலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயிலடிச் சுவரும் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. அங்கே ஒரு பக்கத்தை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் சாதுவாம். இதைக் கேட்டுவிட்டு யாரும் இறங்கிவிடாதீர்கள். வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் பெண் கடலும் சீறும். அந்த முனையில் இரண்டு நீரும் சேருகிற இடத்தில் இழுப்பு பலம்.

ராமேஸ்வரத்தில் எனக்குள்ள குறை ஒன்றுதான். கோவிலுக்குள் 22 தீர்த்தம் ஆடாமல் வர நம் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஈரக் கல்லில், ஈரப் புடவையோடு, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு நடக்க வேண்டும். வலியுள்ள முழங்காலுக்கு அது ஆகாது, வழுக்கினால் இடுப்பு எலும்புதான். பிறகு அத்தனை ஈரத் துணியையும் பிழிந்து உலர்த்துவது யார்? கேள்வியே வேண்டாம்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது தரங்கம்பாடி. திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாக ரயிலில் மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸோ வாடகைக் காரோ. நடுவில் இறங்கி ஏறும் வேலை ஒரே ஒரு தடவைதான்.

அலைகள் பாடும் இடம் என்று பெயருக்கு அர்த்தம். டென்மார்க்குக்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார், 1715-க்குள் அது முடிந்துவிட்டது. அச்சுக்கூடம் வைத்துப் புத்தகம் போட்ட ஊர் என்று நம் பெரியவன் படிக்கிற பையனாக இருந்தால் சொல்லுங்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோவில். 1306-ல் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியையும் இந்த ஊர் பார்த்தது. இவ்வளவும் ஒரே தெருவின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஓடி ஓடிப் பார்க்க வேறெதுவும் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஓசோன் நிறைந்த காற்று, உடம்புக்கு நல்லது என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்வார்கள். ஓசோன் நுரையீரலுக்கு நல்லதில்லை என்பதே வைத்திய சாஸ்திரம் சொல்வது. புகையும் தூசியும் இல்லாத கடற்காற்று, அவ்வளவுதான். அதுவே போதாதா?

கடலை ஒட்டித் தங்கும் இடங்கள் தரங்கம்பாடியில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, வாடகையும் கொஞ்சம் கூடுதல். சிக்கனமாகப் போகிறவர்கள் திருக்கடையூரில் தங்கலாம், பத்து கிலோமீட்டருக்குள்தான். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருஷம் பூராவும் ஜனங்கள் வருகிற ஊராகையால் லாட்ஜ்களுக்கும் சைவ மெஸ்களுக்கும் குறைவில்லை. மாமியாருக்கு அபிராமி தரிசனமும் ஆயிற்று. தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அபிராமி பட்டருக்காக அம்மன் நிலவைக் காட்டிய நாள் என்று அன்று கூட்டம் அலைமோதும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் காரைக்கால் பக்கம். ஒருநாள் பூம்புகார் போய் காவிரி கடலில் சேருமிடத்தைப் பார்த்து வரலாம். திருச்சிக்காரர்கள் தங்கள் காவிரி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டாமா?

போன் செய்து அறை கேட்கும்போது கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். கீழ்த்தளத்தில் அறை உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? குழாய்த் தண்ணீர் உப்பா? குளிக்க வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? "எல்லாம் இருக்கும்மா, வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேளுங்கள்.

இப்போது பெரியவன் விஷயம். தரங்கம்பாடிக் கடல் உட்கார்ந்து பார்க்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை. அலை வேகம், பாறைக் கற்களும் உண்டு. அவனிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். முழங்கால் ஆழம், அதுவும் அப்பா பக்கத்தில் நின்றால் மட்டும்.

நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன் என்றால், 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற ஐந்து பிள்ளைகள் அலையோடு போய்விட்டார்கள். ஐந்து வீட்டில் டாக்டராக வர வேண்டிய பிள்ளைகள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தெற்கே வெகுதூரத்தில், நடுச்சமுத்திரத்தில் அடித்த புயல் காற்றால் எழும்பிய அலை, நாள் கணக்கில் பிரயாணம் செய்து நம் கரைக்கு வந்து சேருவதுதான் கள்ளக்கடல். இங்கே காற்றும் இராது, மழையும் இராது. கள்ளனைப்போலச் சொல்லாமல் வரும். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. செய்தியிலும் சொல்கிறார்கள். கிளம்புகிற அன்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். கரைக்குப் போனதும் வலை உலர்த்துகிற ஒரு பெரியவரிடம், "ஐயா, இன்னிக்குக் கடல் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இழுப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்; நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, வாய்க்கால் மாதிரி சாந்தமாகத் தெரியும். அங்கேதான் இறங்கலாம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பப் போகிற வழி அதுதான்! அதில் சிக்கினவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் கைகோத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் நாலு பேர் போவது அப்படித்தான். காலி பிளாஸ்டிக் கேன், கயிறு, டயர், எது கையில் கிடைக்கிறதோ வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

சின்னவளுக்குப் பயம் வேறு. கரையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் சொறி மீனைக் குழந்தை கையால் எடுத்துவிடும். செத்ததுபோலக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதை ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ உடம்பு தடித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

சர்க்கரைக்காரர்கள் மணலில் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் மதிய மணல் சுடுவதும், சிப்பி கிழிப்பதும் தெரியாது. இரவு பார்த்தால் கொப்புளம். பட்டை வைத்த செருப்பு போட்டு, திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரல் இடுக்கை அவர் பார்க்கிறாரோ இல்லையோ நீங்கள் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைக் காரிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்கக் கூடாது. அகலவாய் பிளாஸ்கில், ஐஸ் நேராகப் படாமல் வைத்துக்கொள்ளலாம். மாத்திரை இரண்டு நாளைக்குக் கூடுதலாக இருக்கட்டும். இளநீர் எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கடைசியாக ஸ்டவ் விவகாரம். எங்கள் வீட்டிலும் இது நடந்ததுதான்.

"வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காதேம்மா, ஒரு குக்கர் மட்டும் எடுத்துக்கோயேன்" என்றார் என் மாமியார்.

"அத்தை, குக்கர் வந்தா பருப்பு வரும், பருப்பு வந்தா புளி வரும், அப்புறம் நான் கடலையே பார்க்க முடியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தயிர் சாதம் கிடைக்கும்ல?" என்றார். அவ்வளவுதான். கேட்டால் கொடுக்கிறவர்கள்தான் நம் பெரியவர்கள். நாம் கேட்பதில்லை.

முதல் நாளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் அன்று இரவுக்கும் தாங்கும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், ஊசிவிடும். மறுநாள் முதல் மெஸ். வயிற்றுக்குப் பயந்தவர்கள் ஆவி பறக்கிற இட்லி, ரசம் சாதம் என்று நின்றுகொள்ளலாம். திறந்து வைத்த சட்னி, வெட்டி வைத்த பழம் கூடாது. ஒரு சீரகப் பொட்டலம், ஓமம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு கைப்பையில் இருக்கட்டும்.

துணிக்கும் ஓர் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பை. அவரவர் அழுக்குத் துணி அவரவர் பையில். மணல் ஒட்டிய துணியை உதறி மடிப்பது பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியாத வித்தையல்ல. ஊர் திரும்பியதும் முதல் வாளித் துணியைப் பிள்ளைகளின் அப்பா நனைப்பார் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, களைப்பில் பேசினால் சண்டையாகிவிடும்.

"குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு சின்ன ஸ்டவ்வாவது..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். திருக்கடையூர்க் கோவில் பக்கத்து டீக்கடைகளில் விடிவதற்கு முன்பே பால் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு தூக்கு எடுத்துப் போனால் போதும். வாங்கி வர அவரை அனுப்புங்கள்.